அக்காவின் கூழில் போட்ட காளான்

போன செவ்வாய்க்கிழமை, ஜனக்புரியில் நான் சமையல் செய்கிற வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே தங்க நிற மூடி போட்ட டப்பா. அந்த வீட்டு மருமகள் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். மாமனார் பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மாமனாரோடு பேசுவதற்கென்றே கொஞ்சம் தமிழ் வைத்திருக்கிறார் மருமகள். மிச்சம் இருந்தால் எனக்கும் கிடைக்கும். நான் தமிழ்க்காரன் என்று தெரிந்தும் என்னை ‘பையா’ என்றுதான் கூப்பிடுவார், ஹிந்தியில் அண்ணன்.

“பையா, இது மஷ்ரூம் காபி. இம்யூனிட்டிக்கு ரொம்ப நல்லது. கரம் பானி, சுடுதண்ணில ஒரு ஸ்பூன் மிக்ஸ் பண்ணி குடுங்க. நீங்களும் டேஸ்ட் பண்ணுங்க, அச்சா?”

மூடியைத் திறந்தேன். மழையில் நனைந்த சாக்கு, மூன்று நாள் கழற்றாத சாக்ஸ், அதற்கு மேலே கொஞ்சம் காபித் தூள். அந்த வாசனை மூக்கில் ஏறினதுதான் தெரியும். காலையில் குடித்த டீயும் ரெண்டு ரஸ்க்கும் அப்படியே பாத்திரம் கழுவுகிற தொட்டியில் வந்து விழுந்தன.

“என்னப்பா ஆச்சு? சிலிண்டர் லீக்கா?” என்று ஹாலிலிருந்து பெரியவர் கத்தினார்.

“ஒண்ணுமில்ல சார். வயிறு சரியில்ல.”

மருமகள் வாசலில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டுத் தொட்டி, அவர் மூக்கு. நான் என்ன சொல்ல முடியும்? தொட்டியை ரெண்டு தடவை தேய்த்துக் கழுவினேன். பிறகு வாயால் மூச்சு விட்டபடி அந்தக் காபியைக் கலக்கிக் கொடுத்தேன். மருமகள் அதைக் கோயில் தீர்த்தம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

சாக்ஸ் என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. காளானைச் சாக்ஸுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். கொண்டுவந்ததை எங்கள் அக்காவுக்குத் தெரியாமல் அவள் வாய்க்குள் போட்டவனும் நான்தான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஏழாவதோடு படிப்பை விட்டவன், கோர்வையாக வராது. முன்னே பின்னே போவேன், கூடவே வாருங்கள்.

எங்கள் அக்கா பெயர் அமுதா. என்னைவிட நான்கு வயது பெரியவள். போன கார்த்திகையில் செத்துப்போனாள். ‘தவறிட்டாங்க’, ‘சாமிகிட்ட போயிட்டாங்க’ என்றெல்லாம் வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலும் குமட்டுகிறது. சர்க்கரையைத் தூவி மறைக்கிற மாதிரி இருக்கிறது. செத்துப்போனாள். எதையும் எதிலும் கலந்து மறைப்பது எனக்கு இப்போது ஆவதில்லை.

எங்கள் குடும்பத்துக்கும் காளானுக்கும் பழைய சண்டை. அம்மா கள்ளக்குறிச்சிப் பக்கம். கட்டட வேலைக்கு என்று அப்பாவோடு டெல்லி வந்தது. வந்த இடத்தில் அப்பா இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். அவரைப் பற்றி இவ்வளவு போதும். அம்மா ஜனக்புரி வீடுகளில் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து எங்களை வளர்த்தது. குளிர்காலத்தில் அந்த வீடுகளின் ஃபிரிட்ஜில் கிடந்து பழசான காளான் பாக்கெட்டுகள் எங்கள் ஜுக்கிக் குடிசைக்கு வரும். குளிர்காலத்தில்தான் டெல்லியில் காளான் மலிந்து கிடக்கும். மலிவாகக் கிடைப்பதை வாங்குகிறவர்கள் மறந்தும் போவார்கள்.

முதல் பாக்கெட் வந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மேலே பிளாஸ்டிக்கில் வேர்த்திருந்தது. உள்ளே ஓரமெல்லாம் பழுப்பாகி, தொட்டால் மூக்குச்சளி மாதிரி விரலில் ஒட்டியது.

“எம்மா, இன்னாம்மா இது? எலிக்காத அறுத்துப் போட்டா மாதிரி இருக்குது!” என்றாள் அக்கா.

“காளான்டி. மழ பேஞ்சா நம்மூரு கரட்டுல மொளைக்கும். தின்னு பாரு, கறி மாதிரி இருக்கும்.”

“கறி மாதிரி இருக்கணும்னா கறியவே தின்னுட்டுப் போறன். இத எதுக்குத் தின்னணும்?”

அம்மா வழவழப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, மிளகு சீரகம் தட்டிப் போட்டு வறுத்தது. நான் என் பங்கையும் தின்றேன், அக்கா பங்கையும் தின்றேன். வெட்கமில்லாமல் சட்டியையும் வழித்தேன். அன்றைக்கு எனக்கு அது அவ்வளவு ருசி. அக்கா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெறும் ரசச் சோறு தின்றாள். “மெல்லாதடா, சத்தம் கேக்குது, வாந்தி வருது” என்றாள். அதற்காகவே நான் இன்னும் சத்தமாக மென்றேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை இன்னொரு பாக்கெட் வந்தபோதுதான் பஞ்சாயத்து. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. காளான் கவிச்சியா இல்லையா? பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா வந்து கதவோரம் நின்றாள். எங்கள் சந்தில் எந்த வழக்குக்கும் அவள்தான் ஜட்ஜ்.

“ரத்தம் இல்ல, எலும்பு இல்ல. எப்படிக் கவிச்சி ஆவும்? ஆக்குடி, நானும் ஒரு வாய் தின்றன்” என்றாள்.

“எலையும் இல்ல, வெதையும் இல்ல. அப்ப செடின்னு எப்படிச் சொல்றது?” என்றாள் அக்கா.

அஞ்சலை அக்கா யோசித்தாள். அவள் யோசித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“நீயேதான சொன்ன, வாயில வச்சா கறி மாதிரி இருக்குன்னு?” என்று அக்கா அம்மாவிடம் திரும்பினாள். “அம்மனும் அப்படித்தான நெனச்சிக்கும்? வாய்க்குக் கறின்னா அது கவிச்சிதான்.”

அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம் அதுதான். வெள்ளிக்கிழமை, புரட்டாசி சனி, ஆடி மாதம் காப்புக் கட்டின நாட்கள், இதிலெல்லாம் காளான் உள்ளே வரக்கூடாது. மற்ற நாளில் நான் மட்டும் தின்னலாம். தின்றுவிட்டு அக்காவின் தண்ணீர்க் குடத்தைத் தொடக்கூடாது.

வேடிக்கை என்னவென்றால் எனக்கு வேலை கிடைத்ததும் காளானோடுதான். பதினாறு வயதில் ஒரு கல்யாண கேட்டரிங்காரனிடம் சேர்ந்தேன். டெல்லிக் கல்யாணத்தில் காளான் இல்லாத பந்தி கிடையாது. பட்டாணியோடு குழம்பு, தந்தூரில் சுட்டது, மாவில் தோய்த்துப் பொரித்தது. மூட்டை மூட்டையாக வரும். சாணியும் வைக்கோலும் ஒட்டிக்கொண்டிருக்கிற மூட்டைகள். அவற்றை மைதா மாவு போட்டுப் பிசைந்து கழுவ வேண்டும். மாவு அழுக்கை இழுத்துக்கொண்டு வரும். கழுவின தண்ணீர் சாக்கடை நிறத்தில் நூல் நூலாக வழியும். முழங்கை வரை அதற்குள் விட்டு நிற்பேன். ஒருமுறை சோனிப்பத் பக்கம் ஒரு காளான் பண்ணைக்கு வண்டியோடு அனுப்பினார்கள். வைக்கோலும் கோழி எச்சமும் கலந்து மலை மாதிரி குவித்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஆவி பறந்தது. அந்த ஆவி கண்ணை எரித்தது. திரும்பி வந்து அதே காளானைச் சரிகைத் தலைப்பாகை கட்டினவர்கள் குத்தூசியில் குத்தித் தின்பதைப் பார்த்தேன். பாதி கடித்து, பாதியைத் தட்டில் துப்பி, அதன் மேலேயே கைதுடைத்த காகிதத்தைப் போட்டார்கள். அந்தத் தட்டையும் நான்தான் வழித்தேன்.

வீட்டுக்கு வந்தால் அக்கா வாசலிலேயே நிறுத்துவாள்.

“கை கழுவிட்டு வா.”

“கழுவிட்டன்க்கா.”

“மோந்து பாரு நீயே. இன்னொருக்கா கழுவு.”

அவளும் அப்போது ஜனக்புரியில் ரெண்டு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் கையில் எப்போதும் சோப்பு வாசனை. என் கையில் எப்போதும் காளான் வாசனை. ரெண்டு பேரும் ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்தக் கல்யாணச் சமையலில்தான் குச்சி என்கிற காளானைப் பார்த்தேன். ஹிந்திக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மலையில் தானாக முளைக்கிறது. காயவைத்து, நூலில் மாலையாகக் கோத்து வரும். பார்ப்பதற்குக் கருத்துப்போன தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். பெரிய பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கு மட்டும்தான் அது வரும். அதில் புலாவ் செய்வார்கள். தலைமைச் சமையல்காரர் அதை எண்ணிக் கொடுப்பார், ஊறின பிறகு எண்ணி வாங்குவார். வெந்நீரில் ஊறப்போட்டால் ஓட்டைக்குள்ளிருந்து மணல் கொட்டும். சில நேரம் செத்த புழுக்கள் சின்ன அரிசி மாதிரி மிதந்து வரும். புழுவை வடிகட்டிவிட்டு, மணல் தங்க விட்டு, அந்தத் தண்ணீரைக் கூட வீணாக்காமல் புலாவில் ஊற்றுவார்கள். வாசனை அதில்தான் இருக்கிறதாம். விருந்தாளிகள் கண்ணை மூடி மோந்து பார்த்து ‘ஆஹா’ என்பார்கள். எனக்கு அந்தப் புழுதான் ஞாபகம் வரும்.

எங்களோடு ரொட்டி போடுகிற பிம்லா என்று ஒருத்தி இருந்தாள். அந்த மலைப்பக்கத்துக்காரி. என் வயசுதான் இருக்கும். அவள் ஊரில் பெண்கள் காட்டுக்குப் போய்க் குச்சி பொறுக்குவார்களாம். நல்லதையெல்லாம் வியாபாரிக்கு விற்றுவிட்டு, உடைந்ததை வீட்டில் வைத்துக்கொள்வார்களாம். பிள்ளை பெற்றவளுக்கும், நெஞ்சுச் சளியில் இளைத்துப்போனவர்களுக்கும் பாலில் கொதிக்க வைத்துக் கொடுப்பார்களாம்.

இதை அவள் சொன்ன நேரம் பாருங்கள், எங்கள் அக்கா இளைத்துக்கொண்டிருந்த நேரம். நெஞ்சு வியாதி. அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். ஒருநாள் விடாமல் விழுங்கினாள். ஆனால் அந்த மாத்திரை அவள் நாக்கையே கொன்றுவிட்டது. எதை வைத்தாலும் “துருப்பிடிச்ச ஆணிய நக்கறா மாதிரி இருக்குடா” என்பாள். டாக்டர் “நல்லா சாப்பிடணும், இல்லன்னா மருந்து தாங்காது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

நான் பிம்லாவிடம் ஹிந்தியில் கேட்டேன், நெஞ்சு வியாதியைக் குச்சி குணமாக்குமா என்று.

“அரே பாகல், பைத்தியக்காரா,” என்று சிரித்தாள். “வியாதிக்கு மருந்து டாக்டர்கிட்டதான். இது சும்மா தெம்புக்கு. அதுவும் நல்லா வேகவைக்கணும், பச்சையா தின்னா வயிறே போயிடும்.”

அவள் ஒழுங்காகத்தான் சொன்னாள். தெம்பு என்கிற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் வடிகட்டினது நான்.

முழுக் குச்சியில் கைவைக்க முடியாது, எண்ணிக்கை. ஆனால் ஊறவைத்த பாத்திரத்தின் அடியில் உடைந்த துண்டும் தூளும் மணலோடு தங்கும். அதைக் கொட்டச் சொல்வார்கள். நான் கொட்டுகிற மாதிரி போய், கையில் அள்ளிப் பிழிந்து, சாக்ஸுக்குள் தள்ளிக்கொள்வேன். வாசலில் வாட்ச்மேன் பையையும் பாக்கெட்டையும் தட்டிப் பார்ப்பான், சாக்ஸைப் பார்க்கமாட்டான். ஜூன் மாத வெயிலில் பத்து மணி நேரம் நின்ற கால். அந்தச் சாக்ஸ். அதற்குள் அக்காவுக்குத் தெம்பு. இப்போது எழுதும்போதே எச்சில் ஊறி வருகிறது, தின்கிறதுக்கு ஊறுகிற எச்சில் இல்லை.

வீட்டில் தகரக் கூரை மேல் காயவைத்தேன். கல்யாண சீசன் முடிவதற்குள் ஒரு டப்பா நிறையச் சேர்த்துவிட்டேன். ஊரையே காப்பாற்றப் போகிறவன் மாதிரி அந்த டப்பாவை ஒளித்து வைத்து ஒளித்து வைத்துப் பார்ப்பேன். பிறகு மழை பிடித்தது. ஒருநாள் திறந்தால் காளான் மேலேயே பூஞ்சை. வெள்ளையாக, பூனைக்குட்டி முடி மாதிரி. அப்போதாவது தூக்கிப் போட்டிருக்க வேண்டாமா? போடவில்லை. துணியால் துடைத்தேன். தவாவில் வறுத்தேன். அம்மியில் வைத்து இடித்துப் பொடியாக்கினேன்.

ஆடி பிறந்தது. எங்கள் சந்தின் கடைசியில் இருந்த மாரியம்மன் கோயிலில் அம்மா அக்காவுக்குக் காப்புக் கட்டியது. மஞ்சள் துண்டு கட்டின நூல், அவள் மணிக்கட்டில் ரெண்டு சுற்று வந்தது. அக்காவே அம்மன் முன்னால் நின்று சொன்னாள்: ஆடி முடிகிறவரை கவிச்சி தொடமாட்டேன், உடம்பு தேறினால் மாவிளக்கு ஏத்தறேன். அவ்வளவு சின்னக் குரலில் சொன்னாள், பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

அந்த ஆடியில் அவள் தானாகக் கேட்டுக் குடித்தது கேழ்வரகுக் கூழ் ஒன்றைத்தான். அம்மா விடியும்போதே வேலைக்குப் போய்விடும். கல்யாண வேலை இல்லாததால் நான் வீட்டில். கூழ் காய்ச்சுவது என் வேலை. முதல் நாள் மாலையே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, காலையில் நொய் போட்டுக் காய்ச்சி, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் அரிந்து தருவேன். அக்கா சொம்பைக் கையில் வாங்கும்போது எனக்குள் ஒரு கணக்கு ஓடும். இவள் குடிக்கிறது இது ஒன்றுதான், தெம்பு உள்ளே போவதற்கு இருக்கிற வழியும் இது ஒன்றுதான்.

கொதிக்கிற கூழில் அந்தப் பொடியைப் போட்டேன். கேழ்வரகு நிறத்தில் அது தெரியவே இல்லை.

“இன்னிக்கு கூழு நல்லா இருக்குடா. புகை வாசன மாதிரி ஒண்ணு வருது” என்றாள் முதல் நாள்.

“அடி பிடிச்சிருச்சுக்கா.”

“பிடிக்கட்டும். தெனமும் இப்படியே செய்.”

நான் எப்படிச் சிரித்தேன் தெரியுமா? அந்தச் சிரிப்பை நினைத்தால் என் மூஞ்சியை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது. பத்து நாள் கொடுத்தேன். பத்து நாளும் சொம்பு காலியானது. அஞ்சலை அக்கா வந்து பார்த்துவிட்டு, “மூஞ்சில கொஞ்சம் களை வந்திருக்குதுடி” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதினோராவது நாள் அக்கா வாய்க்குள் நறுக்கென்று மணல் கடித்தது. விரலை விட்டு எடுத்தாள். மணலோடு ஒரு துண்டும் வந்தது. இடிபடாமல் தப்பின துண்டு, கறுப்பாக, ஓட்டை ஓட்டையாக. உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் காட்டினாள்.

“இன்னாடா இது?”

“கேவுரு உமிக்கா.”

“உமில ஓட்ட ஓட்டயா இருக்குமா?”

 அவள் அதை மோந்து பார்த்தாள். என் கையை இழுத்து அதையும் மோந்து பார்த்தாள். வருஷக்கணக்காக என் கையை மோந்தவள், ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டாள்.

“எலிக்காதா?”

“இது வேறக்கா. மலைல மொளைக்கிறது. தெம்பு வரும்னு...”

“எத்தினி நாளா?”

“பத்து நாளா.”

அவள் மணிக்கட்டில் இருந்த காப்பைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்துவதற்கு அவளிடம் மூச்சு இல்லை.

“அம்மன்கிட்ட நா சொன்னது உனக்குக் கேட்டுச்சா இல்லியா?”

“காளான் கவிச்சி இல்லக்கா. உலகத்துல எல்லாரும் செடின்னுதான்...”

“உன் வாயில போட்டா அது செடி. என் வாயில போட்டா கவிச்சி.” மூச்சு வாங்கிக்கொண்டு, உதட்டைத் தொட்டுக் காட்டினாள். “இது என் வாய்டா. உன்துன்னு நெனச்சியா?”

அப்புறம் வாசலுக்கு நகர்ந்து போய்த் தொண்டைக்குள் விரலை விட்டாள். கூழ் வந்தது. அதற்குப் பிறகும் விடவில்லை. பத்து நாளையும் வெளியே எடுத்துவிடுகிற மாதிரி விட்டுக்கொண்டே இருந்தாள். நான் முதுகைப் பிடிக்கப் போனேன். “தொடாத” என்றாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, காப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்து, தரையில் வைத்தாள். கெட்டுப்போன சாமானைத் தள்ளி வைக்கிற மாதிரி வைத்தாள்.

சாயங்காலம் அம்மாவிடம் நானே சொன்னேன்.

“சொல்லிட்டுக் குடுத்திருக்கலாமேடா” என்றது அம்மா.

“சொன்னா குடிக்கமாட்டாளே.”

“அப்ப குடிக்க வேணாம்னு வுட்டுருக்கணும்.”

இவ்வளவுதான் சொன்னது. டப்பாவை எடுத்துப் போய், பெரிய சாக்கடையான நாலாவில் கொட்டினேன். சாக்கடையில் மேய்ந்துகொண்டிருந்த பன்றி ஒன்று வந்து மோந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன்.

அன்றையிலிருந்து தட்டு எதிரில் வந்தால் அக்கா முதலில் கேட்கிற கேள்வி, “யாரு செஞ்சது?” அம்மா செய்தது என்றால் ரெண்டு வாய். அஞ்சலை அக்கா கொடுத்தது என்றால் ஒரு வாய். நான் செய்தது என்றால் தட்டைத் தள்ளமாட்டாள், திட்டமாட்டாள். வாயில் மட்டும் வைக்கமாட்டாள். ஆயிரம் பேர் பந்திக்குச் சமைத்தவன் நான். என் கையால் ஒரு வாய் தின்னப் பயந்தவள் உலகத்தில் ஒருத்திதான், அவள் என் எதிரில் பசியோடு உட்கார்ந்திருந்தாள்.

பின்னால் டாக்டரிடம் இதைச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பொடியால் வந்தது இல்லை, மருந்துக்கு அடங்காத வகை வியாதி என்றார். பூஞ்சை பிடித்ததைத் தின்னக் கொடுக்கலாமா என்று ரெண்டு திட்டும் திட்டினார். அந்தத் திட்டு எனக்குப் போதவில்லை. இன்னும் கொஞ்சம் திட்டுவார் என்று நின்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

புரட்டாசியில் ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அஞ்சலை அக்கா கோல் மார்க்கெட்டில் வேலை செய்கிற மகளைப் பார்க்கப் போயிருந்தாள். மத்தியானம் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“பசிக்குதுடா.”

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. 

“ரசம் வைக்கட்டாக்கா?”

சுவரிலிருந்து என் பக்கம் திரும்பினாள். பிறகு, “அடுப்ப வாசல்ல தூக்கி வை. என் கண்ணு முன்னாடி செய்” என்றாள்.

சின்ன சிலிண்டர் அடுப்பை வாசலில் வைத்தேன். அவளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அவளுக்குக் காட்டிவிட்டு, பேர் சொல்லிவிட்டுப் போட்டேன்.

“இது புளி. இது தக்காளி. இது மிளகு.”

“மிளக திருப்பிக் காட்டு.”

“மிளகுக்கு முன்பக்கம் பின்பக்கம் ஏதுக்கா?”

“காட்டுடா.”

உருட்டிக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்குவதற்குள் ரசம் பொங்கிவிட்டது. பெருங்காயத்தை மட்டும் ரொம்ப நேரம் சந்தேகப்பட்டாள். அதுவும் நாறுகிற சாமான்தானே. சோற்றில் ஊற்றிக் கரைத்துக் கொடுத்தேன். வாய்க்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தி, என் கண்ணைப் பார்த்தாள்.

“இல்லியே?”

“இல்லக்கா.”

மூன்று வாய் தின்றாள்.

பிறகு தினமும் அதுதான். அஞ்சலை அக்கா போகிற வருகிற போதெல்லாம், “இன்னாடா, உங்கக்காகிட்ட வேலைக்கு டெஸ்ட் குடுக்கறியா? பாஸா ஃபெயிலா?” என்று கேட்பாள். நான் புளியைத் தூக்கி அவளுக்கும் காட்டுவேன். ஒருநாள் கூட அக்கா கேட்காமல் விட்டதில்லை. “இல்லியே?” “இல்லக்கா.” அது ஒரு பேச்சா என்று நீங்கள் நினைக்கலாம். அந்த ரெண்டு மாதத்தில் நாங்கள் பேசினதில் பெரும்பாலும் அதுதான்.

தீபாவளி போனதும் டெல்லியில் புகை இறங்கியது. வாசலைத் திறந்தாலே அவளுக்கு இருமல். அடுப்பை உள்ளே கொண்டுவந்துவிட்டேன். அவளால் தலையைத் திருப்ப முடியாது. அதனால் நான் சத்தமாகப் பேர் சொல்லிச் சொல்லிப் போட்டேன். “இது புளிக்கா. இது உப்புக்கா.” வீட்டில் இருந்த கடைசி நாள் மத்தியானம் ரசத்தின் தெளிவை மட்டும் ஸ்பூனில் எடுத்து உதட்டில் வைத்தேன். குடித்துவிட்டாள். கேட்கவில்லை. இன்னொரு ஸ்பூன் வைத்தேன். அதையும் கேட்காமல் குடித்தாள். 

“இல்லக்கா” என்றேன், நானாகவே.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். என்னை நம்பித்தான் கேட்காமல் குடித்தாளா, கேட்பதற்கு மூச்சு இல்லாமல் குடித்தாளா? அம்மாவிடம் கேட்டால், “ரெண்டும்தான் வச்சிக்கோயேன்” என்கிறது. எனக்கு அப்படி வைத்துக்கொள்ள வரவில்லை.

கேட்டரிங் வேலையை விட்டுவிட்டேன். அக்காவின் அருவருப்பு அப்படியே எனக்கு வந்துவிட்டது. ஒரு காலத்தில் சட்டியை வழித்தவன், இப்போது காய்க்காரன் தள்ளுவண்டியில் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தால் அடுத்த பக்கம் போய் நடக்கிறேன். பிம்லா ஒருமுறை போன் செய்து, “அக்காவுக்குத் தேவலையா?” என்று கேட்டாள். சொன்னேன். அவள் அழுதாள். சாக்ஸ் கதையை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

வெயில் தொடங்குகிற நேரம் குடிசைகளை இடிக்க எங்கள் சந்துக்குப் புல்டோசர் வந்தது. அம்மன் சிலையை மட்டும் முதல் நாளே எடுத்துக்கொண்டோம். நான் அடுப்பு வைத்த வாசல், அக்கா சாய்ந்து உட்கார்ந்த சுவர், அவள் வாந்தியெடுத்த ஓரம், எல்லாம் ஒரே மத்தியானத்தில் ஒரே மண்ணாகிவிட்டன. அஞ்சலை அக்கா ஊருக்கே போய்விட்டாள். எங்களுக்கு ஊர்க்கோடியில், மூன்றாவது மாடியில் அரசாங்க ஃபிளாட் ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே அடுப்புமேடை சுவரைப் பார்த்து இருக்கிறது. சமைக்கிறவன் முதுகைத்தான் வீட்டில் இருப்பவர்கள் பார்க்க முடியும்.

பேர் சொல்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. ஜனக்புரி வீட்டுப் பெரியவர், “யார்கிட்டப்பா பேசறே, போனா?” என்று கேட்பார். ஆமாம் சார் என்று சொல்லிவிடுவேன். போன செவ்வாய்க்கிழமையும் அந்தத் தங்க மூடி டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து, “இது சுடுதண்ணி, இது காளான்” என்று சொல்லித்தான் கலக்கினேன். மருமகள் போனைப் பார்த்தபடி கையை மட்டும் நீட்டினார்.

“தேங்க்யூ பையா.”

கப்புக்குள் கூடப் பார்க்கவில்லை. இந்த டெல்லியில் நான் எதைக் கலக்கிக் கொடுத்தாலும் இப்போது எல்லோரும் அப்படியே குடிக்கிறார்கள்.